நூறடிச் சங்கிலி

மரம் கடையும் லேத்துப் பட்டறை நடத்திக்கொண்டிருந்த தம்பி, வாடகை இடத்தில் இருந்தது போதும் என்று ஒரு நீளமான காலிமனையை வாங்கினான். விற்றவர் நல்ல மனிதர். "உள்ள எங்கேயோ ஒரு பழைய கிணறு இருந்துச்சு. எங்கப்பா காலத்துலயே மண்ணைப் போட்டுத் தூத்துட்டாங்க. எந்த இடம்னு எனக்குத் தெரியாது, தம்பி" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். தம்பி அசரவில்லை.

"எங்கக்கா சர்வேயர். வந்து பாத்துச் சொல்லிடும்" என்றான். அதைச் சொல்வதில் அவனுக்கு எப்போதுமே ஒரு பெருமை.

அக்கா அலுவலகத்தில் தேடி அந்த மனையின் பழைய வரைபடத்தை எடுத்து வந்தாள். மூலைக் கல்லிலிருந்து கிணறு ஒரு சங்கிலி நாற்பது லிங்க் தூரம் என்று போட்டிருந்தது. நிலம் அளக்கும் சங்கிலியில் நூறு வளையங்கள் இருக்கும். வளையத்தைத்தான் லிங்க் என்பார்கள். முழுச் சங்கிலி அறுபத்தாறு அடி. அந்தக் கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நின்ற இடத்திலேயே மனதுக்குள் பெருக்கினாள். தொண்ணூற்றிரண்டு அடி சொச்சம். டேப்பைப் பிடித்து அந்த இடத்தில் ஒரு முளையை அடித்தாள்.

"இதைச் சுத்தி எதுவும் கட்டாத. இதைத் தாண்டி எங்க வேணாலும் கட்டிக்கோ."

"சரிபாத்துட்டியாக்கா?"

"உனக்குத் தப்பாவா சொல்வேன்? போடா" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள். அவளுக்காக வேறொரு மனையில் ஆட்கள் காத்திருந்தார்கள்.

அக்கா சொன்னால் தம்பிக்கு வேதவாக்கு. முளையைச் சுற்றி மரக்கட்டை அடுக்க இடம் விட்டு, நன்றாகப் பின்னால் தள்ளிப் பட்டறையைக் கட்டினான். கட்டியவர் அந்தப் பகுதியில் பேர் வாங்கிய கொத்தனார். எல்லாரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். தரை கண்ணாடி மாதிரி வந்திருந்தது.

பெரிய லேத்தை உருளைகள் வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போன அன்று, பட்டறையின் நடுவில் தரை சட்டென்று உள்வாங்கியது. மெஷின் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தம்பியின் வலது கால் அதனடியில் மாட்டிக்கொண்டது. கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்தது. அவனைத் தூக்கி வண்டியில் ஏற்றும்போது, தெருவே கூடி நிற்க, சத்தம் கேட்டு ஓடிவந்த மேஸ்திரியைப் பார்த்து அவன் கத்தினான்.

"மண்ணை ஒழுங்கா இடிச்சியாய்யா? சிமெண்டுக்குப் பதிலா சாம்பலைக் கொட்டிட்டுப் போயிருக்கான், திருட்டுப்பய!"

மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு உடைந்த தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அக்கா, பட்டறையைப் பூட்டிக்கொண்டு போகலாம் என்று வந்தாள். சாய்ந்த மெஷினுக்குக் கீழே, பெயர்ந்த தரையின் இடுக்கில், வளைந்து போகும் பழைய செங்கல் வரிசை ஒன்று தெரிந்தது. கிணற்றுச் சுவர்தான், வேறு எதுவும் இப்படி வளையாது.

மூலைக் கல்லுக்கு ஓடிப்போய் டேப்பை நீட்டினாள். நூற்று நாற்பது அடி. அப்போதுதான் உறைத்தது. நூறடிச் சங்கிலி என்று இன்னொன்று உண்டு. அதில் ஒரு லிங்க் என்றால் முழு ஒரு அடி. பாலம், பாதை போடுகிறவர்கள் ஒரு காலத்தில் அதைத்தான் வைத்திருந்தார்கள். எந்தச் சங்கிலியால் அளந்தது என்று வரைபடத்தில் எழுதியிருக்கவில்லை. ஆனால் அதே வரைபடத்தில், அதே கல்லிலிருந்து வாய்க்கால் பாலத்துக்கு இரண்டு சங்கிலி பத்து லிங்க் என்று இருந்தது. பாலம் இன்னும் அப்படியே நிற்கிறது. அதுவரை ஒருமுறை டேப்பை இழுத்திருந்தால் இருநூற்றுப் பத்து அடி வந்து, நூறடிச் சங்கிலிதான் என்று காட்டிக்கொடுத்திருக்கும். வேறு யாருடைய நிலமாக இருந்தாலும் அதைச் செய்யாமல் அவள் முளை அடித்திருக்கமாட்டாள். தம்பிதானே என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். தம்பி மேலே சுற்றிய ஃபேனையே பார்த்துக்கொண்டு கேட்டான்.

"இதை வேற யார்கிட்டயும் சொல்லாதக்கா."

"மேஸ்திரி மேல பழி விழுந்திருக்குடா. அவர் கட்டிட்டிருந்த மாடி வீட்டுலருந்து அவரை நிறுத்திட்டாங்களாம்."

"விழட்டும். அவரு எனக்கு யாரு? அவர் மேல கோபப்பட்டா நாலு நாள்ல மறந்துடும். உன் மேல கோபப்பட்டா நான் எங்க போவேன்?"

அவன் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். சாப்பாட்டுத் தூக்கைக் கழுவுகிற சாக்கில் வெளியே போனாள். அப்புறம் இரண்டு மூன்று நாள் அவன் சொன்னபடியே வாயை மூடிக்கொண்டும் இருந்தாள். சோறு இறங்கவில்லை. அலுவலகத்தில் யாராவது சங்கிலி என்றாலே கை நின்றுபோனது.

பொறுக்க முடியாமல் ஒரு மாலை மேஸ்திரி வீட்டுக்குப் போனாள். அவர் வாசலில் பூச்சுக் கரண்டிகளைத் தேய்த்துக் காயவைத்துக்கொண்டிருந்தார்.

"தரை மேல தப்பு இல்ல, மேஸ்திரி. கிணறு இருந்த இடத்தை நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். மன்னிச்சுக்கங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "தரை மேல தப்பு இல்லன்னு எனக்குத் தெரியுமேம்மா. தெரியாதவங்ககிட்டதானே நீங்க சொல்லணும்? உங்க தம்பி என்னைத் திருடன்னு சொன்னது நடுத்தெருவுல. நீங்க வந்து காதோட சொல்லிட்டுப் போறீங்க."

கரண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிடிக்கிறவர்களும் கொத்தனார்களும் கூடுகிற சிமெண்டுக் கடை வாசலுக்கு அவள் போனாள். மேஸ்திரியை வேலையிலிருந்து நிறுத்திய மாடி வீட்டுக்காரரும் நின்றிருந்தார். எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டாள். கிணற்றின் மேல் பட்டறையைக் கட்ட வைத்தது தன் கணக்கு என்றும், மேஸ்திரியின் வேலையில் ஒரு குறையும் இல்லை என்றும் சொன்னாள். "சர்வேயரம்மாவுக்கே கணக்கு வரலியா?" என்று யாரோ சிரித்தார்கள். மாடி வீட்டுக்காரர் சங்கடப்பட்டு, வேறு ஆளைப் போட்டாயிற்றே என்றார். அந்த வேலை மேஸ்திரிக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. அடுத்த மாதம்தான் வேறொன்று கிடைத்தது.

தம்பிக்கு விஷயம் எட்டியது. அதன் பிறகு அக்கா போனால் அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் கொண்டு போகும் சாப்பாட்டை மட்டும் சாப்பிட்டான்.

மாவுக்கட்டுப் பிரித்த வாரம், ஊன்றுகோலோடு அவனே அவள் வீட்டுப் படியேறி வந்தான். நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான்.

"மேஸ்திரியப் பாத்துட்டு வர்றேன். மன்னிப்புக் கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"'நிக்காத, கால் வலிக்கும்'னார்." தம்ளரைக் கீழே வைத்தான். "அவரைத் திட்டவும் இப்ப வழியில்லாம பண்ணிட்ட."

"என்னைத் திட்டுடா."

அவன் திட்டினான். "ஊரான் நிலம்னா பாலம் வரைக்கும் டேப்பைப் பிடிச்சிருப்ப இல்ல? தம்பிதானேன்னு அலட்சியம். கேட்டேனேக்கா! சரிபாத்துட்டியான்னு வாயைத் திறந்து கேட்டேனே!" பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கும் அளவுக்குக் கத்தினான். அவள் "ஆமாடா, ஆமாடா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கத்தி ஓய்ந்ததும் எழுந்தான். படியில் இறங்க அவள் கை நீட்டினாள். அவன் அதைப் பிடிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினான். அவள் அவனுக்கு முன்னால் போய்க் கீழே நின்றுகொண்டு, அவன் தரையைத் தொடும் வரை கண்ணை எடுக்கவில்லை.