பத்தாவது விரல்

இராயப்பன் உபதேசியாரிடம் கால்விரல்கள் பத்து இருந்தன. ராஜ்யங்கள் ஒன்பதுதான் இருந்தன. ஆவூர் மாதா கோயில் பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்கிய துணியைத் தபசுகாலத்து நாற்பது நாளும் பார்த்தும், குறைந்த அந்த ஒன்று அகப்படவில்லை.

பாபிலோன் ராசா கனவில் கண்ட சிலையைத் துணியில் வரைந்தவர் அவரேதான். தலை பொன், மார்பு வெள்ளி, வயிறு வெண்கலம், கால் இரும்பு, பாதம் மட்டும் இரும்பும் களிமண்ணும் கலந்தது. தலையிலிருந்து கீழே இறங்க இறங்க, ஒன்றன்பின் ஒன்றாக வரப்போகும் ராஜ்யங்கள் என்று தானியேல் தீர்க்கதரிசி பொருள் சொல்கிறார். கடைசியில் ஒரு கல் பெயர்ந்து வந்து பாதத்தில் மோதும், சிலை தூளாகும். அதோடு உலகக் கதை முடியும் என்பது உபதேசியாரின் விளக்கம்.

பாபிலோன், பாரசீகம், கிரேக்கு, உரோமை என்று கணுக்கால்வரை சரித்திரம் அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் பொருந்தியது. ஒன்பது விரல்களில் ஐரோப்பிய ராஜ்யங்களைச் சுண்ணக்கட்டியால் எழுதினார். வலதுகால் சுண்டுவிரலில் ‘புதுக்கோட்டை சமஸ்தானம்’ என்று எழுதினார். நம்மை ஆளுகிற ராசாவை விட்டுவிட்டு உலகம் எப்படி முடியும்?

நாற்பத்தெட்டு மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. ‘விரல் உதிர்ந்தாயிற்று, மழைக்காலத்துக்குள் கல் வந்துவிடும்’ என்று ஊருக்கே உற்சாகமாக விளக்கினார். பிறகுதான் இடித்தது. கல் வரும்போது பத்து விரலும் இருக்க வேண்டுமே! வேறு சமஸ்தானங்களை ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தார். எழுதி ஒரு வாரம் ஆவதற்குள் அதுவும் சேர்ந்துவிட்டதாகப் பேப்பரில் வந்தது.

பாஸ்காத் திருநாள் கழிந்த வாரம், கீரனூர்ப் பக்கத்துச் சின்னப்பன் வந்தார். அவர் மகனுக்கு உபதேசியாரின் மகள் அருளாயியைப் பேசி வைத்திருந்தார்கள்.

“கோயில்ல மூணு ஞாயிறு கல்யாண ஓலை வாசிக்கணும். அதுவரைக்கும் ஒலகம் தாங்குங்களா, உபதேசியாரே?” என்றார் வெற்றிலையை மடித்தபடி.

“மழைக்காலம் வரைக்கும் தாங்கும்” என்றார் இராயப்பன், கேலி புரியாமல்.

“அப்ப நாலு மாசக் குடித்தனத்துக்கு நான் எதுக்கு வீடு மேயணும்? கல்லு வரட்டும். வரலைன்னா அடுத்த வருசம் பாத்துக்கிருவோம். இன்னொரு எடத்துலயும் கேக்குறாங்க.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. “நாளைக்கு ஞாயித்துக்கிழமைப் பூசைக்கு இருப்பேன். அதுக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க.”

அவர் போனதும் மனைவி இன்னாசியம்மாள் பிடித்துக்கொண்டாள். “சிலைக்கு வெரல் கொறைஞ்சா அது பாபிலோன் ராசா பாடு. எம் மக என்னங்க பண்ணுனா?”

“கல்லு வாரப்ப நான் மாமியா வீட்டுல இருந்துக்கிறேன்ப்பா” என்றாள் அருளாயி, அடுப்படியிலிருந்தே.

அன்று பிற்பகல் உபதேசியார் மறுபடி துணி முன்னால் நின்றார். பூட்டுத் திறக்காவிட்டால் சாவியை மேலும் முறுக்கக் கூடாது, வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். இருநூற்றைம்பது வருசத்துக்கு முன்னால் ஆவூரில் முதன்முதல் இருந்த உபதேசியார் இதே சிலையை வரைந்திருந்தால் விரலில் யாரை எழுதியிருப்பார்? மதுரை, தஞ்சாவூர், செஞ்சி, சேதுபதி, மைசூர்... தடையில்லாமல் வந்தன. அவையெல்லாம் போயே போய்விட்டன, கல்லைத்தான் காணோம். யார் வரைந்தாலும் பாதம் அவனவன் வாசலில் வந்து நிற்கிறது.

உடனே வேதாகமத்தைத் திறந்து, வரிக்கு வரி விரல் வைத்து, எழுதியிருப்பதை மட்டும் படித்தார். ‘பொன் தலை நீரே’ என்று தீர்க்கதரிசி ராசாவிடம் சொல்கிறார். பாதத்துக்குப் பெயரில்லை. கால்விரல்கள் என்று இருக்கிறது. எத்தனை என்று இல்லை. குனிந்து தம் காலைப் பார்த்தார். பத்து வந்தது அங்கிருந்துதான். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஈரத்துணியால் பெயர்களைத் துடைத்தெடுத்தார்.

மறுநாள் பூசை மணிக்கு முன்னாலேயே சின்னப்பனைக் கோயில் வாசலில் நிறுத்தி, தலையிலிருந்து பாதம்வரை பொறுமையாக விளக்கினார். சின்னப்பன் துண்டைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார். “முடிவைச் சொல்லுங்க, மணி அடிக்கப் போறாங்க.”

“வேதம் பேர் சொன்னது தலைக்கு மட்டும். வெரல் எத்தனைன்னும் சொல்லலை, யாருன்னும் சொல்லலை. அதனால முடிவுக்கு நாள் குறிக்க முடியாது, கல்யாணத்துக்குக் குறிக்கலாம். மொத ஓலையை இன்னைக்கே வாசிக்கச் சொல்லி பங்குச் சாமியார்கிட்ட கேட்டுட்டேன்.”