இனித்த மண்

அந்தத் துண்டு இனித்தது.

பாரதி மெல்லுவதை நிறுத்தினாள். மண் இனிக்காது. மசக்கை தொடங்கிய நாளிலிருந்து மண் தின்கிறவளுக்கு இதுகூடத் தெரியாதா என்ன? சுடாத அகல் விளக்குக்கு என்று ஒரு ருசி உண்டு. காய்ந்து கிடக்கும் தெருவில் முதல் தூறல் விழுந்ததும் வாசம் ஒன்று கிளம்புமே, அதுதான் அந்த ருசி. நாக்கில் வைத்ததும் எச்சிலை உறிஞ்சிக்கொண்டு ஒட்டும், பிறகு மெல்லக் கரையும். இதுவும் கரைந்தது. ஆனால் கரைந்தபின் தொண்டையில் தித்திப்பாக ஒன்று நின்றது. கையிலிருந்த மிச்சத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். விளக்கின் அடியில், பால் வழிந்து காய்ந்தது போல வெள்ளையாக ஒரு தடிப்பு. அதில் பாதியைக் காணவில்லை. அவள்தான் கடித்துத் தின்றிருந்தாள்.

கொண்டுவந்து கொடுத்தவன் கொல்லைப் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவள் புருஷன் அன்புச்செல்வன். நல்லூரில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவன், கல்யாணத்துக்குப் பிறகுதான் விருத்தாசலத்துக்கு வந்து பீங்கான் கம்பெனியில் சேர்ந்தான். மூன்றாம் மாதம் பச்சைத் தண்ணீர்கூடத் தங்காமல் பாரதி வாந்தியெடுத்துத் துவண்டு கிடந்தபோது, அவன் சட்டையில் ஒட்டியிருந்த மண்ணை மோந்து மோந்து பார்த்தாள். மறுநாளே சட்டைப்பையில் உடைந்த விளக்கு ஒன்று வந்தது. பெண்டாட்டி ஆசைப்பட்டதை வாங்கிக் கொடுக்க அவனுக்கு அதைவிடச் சுலபமான வழி தெரியவில்லை. பூ வாங்கி வருகிற மாதிரி தினமும் பேப்பரில் மடித்துக் கொண்டுவந்தான். மாமியார் வீரம்மாள் பால் வாங்கப் போகிற நேரம் பார்த்துத்தான் பாரதி தின்பாள்.

வீரம்மாளிடம் மாட்டினால் அவ்வளவுதான். மருமகள் வயிற்றுக்குள் என்ன போகிறது என்பதில் அந்த அம்மாளிடம் போலீஸ்காரன் தோற்றுப்போவான். பப்பாளி, அன்னாசி, எள்ளு ஒன்றும் வாசலைத் தாண்டக் கூடாது. கொல்லையில் தலை கொள்ளாமல் காய்த்து நின்ற பப்பாளி மரத்தை, காற்றுக்குக்கூட அதன் வாடை வரக் கூடாது என்று ஆள் வைத்து வெட்டிப்போட்டாள். அடிமரம் இன்னும் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதில் சாய்ந்துகொண்டுதான் பாரதி மண் தின்றுகொண்டிருந்தாள்.

"மாமா, இத எங்கேருந்து எடுத்தீங்க?"

"ஏன், நல்லா இல்லியா?"

"எங்கேருந்துன்னு கேட்டேன்."

"எங்க செக்‌ஷன்லதான். முக்கி வச்ச வெளக்குல ஒடஞ்சது. அச்சுலேருந்து எடுக்கறது சொரசொரன்னு நாக்க அறுக்குதுன்னு சொன்னியே. இது மழமழன்னு இருக்கும்னு பொறுக்கிட்டு வந்தேன்."

"முக்கி வச்சதுன்னா, கிளேஸ்லயா?"

"ஆமா. இப்பல்லாம் அதான கொண்டாறேன். என்ன அங்க மாத்துனதுலேருந்து."

அவனை மாற்றியது தீபாவளிக்கு முன்பு. இத்தனை நாள் மெல்லிய பூச்சாக இருந்ததால் ருசி தெரியவில்லை, இன்றுதான் தடிப்பாக வாய்த்திருக்கிறது. இப்போது கார்த்திகை விளக்குக்கு ராப்பகலாக வேலை நடக்கிறது. பாரதி விரலை விட்டுத் தொண்டையைக் குடைந்தாள். எச்சில்தான் வந்தது. வாய் கொப்பளித்தாள், மறுபடி குடைந்தாள், கண்ணில் நீர் முட்டியது. அன்புச்செல்வன் எழுந்து வந்து முதுகைத் தடவினான். என்ன ஆயிற்று என்று அவனுக்குப் புரியவில்லை.

கல்யாணத்துக்கு முன்பு அவளும் அந்தக் கம்பெனியில் விளக்குகளை வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்கியவள்தான். சூளையில் வைக்கும் முன், பளபளப்புக்காக விளக்கை முக்கியெடுக்கிற வெள்ளைக் கரைசல்தான் கிளேஸ். முக்குகிற இடத்தில் மாயவன் என்று ஒரு ஆள் இருந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிடுவார். கை மணிக்கட்டு தொங்கிப்போய் டீ டம்ளரைக்கூடத் தூக்க முடியாமல் வேலையை விட்டு நின்றார். கிளேஸில் ஈயம் இருக்கிறது, நாக்குக்கு இனிக்கிற விஷம் அது, கையைக் கழுவாமல் யாரும் சோற்றைத் தொடாதீர்கள் என்று சூப்பர்வைசர் அப்போது பெண்களிடம் வந்து சொன்னார். அது கைக்குச் சொன்னது. வாயிலேயே போட்டு மெல்லுகிறவள் ஒருத்தி வருவாள் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

அவள் சொல்லச் சொல்ல அன்புச்செல்வனின் முகம் செத்துப்போனது. "என்கிட்டயும் கைய கழுவுன்னாங்க. எல்லா எடத்துலயும் சொல்றதுதானன்னு நெனச்சேன்" என்றான். பிறகு, "நாளைக்கு செக்கப்ல இத சொல்லாத. அம்மா தாங்காது. சத்து மாத்திரதான் போடறியே, சரியாப் போயிடும்" என்றான். பயந்தவன் சொல்கிற யோசனை அது என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் அதைப் பிடித்துக்கொள்ளத்தான் அவளுக்கும் ஆசையாக இருந்தது.

அன்று சாயங்காலத்திலிருந்து பிள்ளை அசையவில்லை. அல்லது அவளுக்கு அப்படித் தோன்றியது. வழக்கமாகச் சாப்பிட்டு முடித்ததும் வலது விலாவில் ஒரு உதை விழும். வயிற்றில் கையை வைத்துக்கொண்டே விடியும்வரை காத்திருந்தாள். மாயவனின் தொங்கிய கை கண்ணுக்குள் வந்து வந்து போனது. அந்தக் கை சின்னதாகி, விரல்கள் சின்னதாகி, தன் வயிற்றுக்குள் தொங்குவதாக நினைத்தபோது அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வீரம்மாள்தான் கூட்டிக்கொண்டு போனாள். அன்புச்செல்வன் ஷிப்ட் முடித்து நேராக வருகிறேன் என்றிருந்தான். நர்ஸ் பானுமதி ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பாரதியைப் பார்த்தாள்.

"ரத்தம் போன தடவையவிட இன்னும் கொறஞ்சிருக்குது. மாத்திரைய முழுங்கறியா, கொல்லையில வீசறியா?"

"என் கண்ணு முன்னாடிதாங்க சிஸ்டர் முழுங்குது" என்றாள் வீரம்மாள். "முருங்கக்கீர, பீட்ரூட்டு, பேரீச்சம்பழம், எதுலயும் கொற வைக்கலைங்க. கறிக்கடையில சொல்லிவச்சு ஆட்டு சொவரொட்டி வாங்கியாறேன், ரத்தம் ஊறும்னு. நானே ஊட்டி வுடறேன். அதெல்லாம் எங்கதான் போவுதோ தெரியல."

பாரதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லாமல் இருந்துவிட்டால் அது நடக்கவேயில்லை என்று ஆகிவிடும் போல ஒரு நப்பாசை. சொன்னால் தெருவே பேசும், பெற்ற பிள்ளைக்கு அப்பனே விஷம் கொண்டுவந்து கொடுத்தான் என்று. வளைகாப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது. வேப்பூரிலிருந்து அம்மா வளையல் வாங்கி வைத்துவிட்டேன் என்று போன் செய்துவிட்டாள். இதையெல்லாம்விட அவளுக்குப் பெரிய பயம், கேட்டால் பதில் வந்துவிடும் என்பதுதான்.

டாக்டர் சண்முகப்ரியா வயிற்றில் கருவியை வைத்தாள். கரகரவென்று இரைச்சல் வந்தது, பிறகு இரைச்சலுக்குள்ளிருந்து டக்டக்கென்று வேகமாக ஒரு துடிப்பு. வீரம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். இருக்கிறது, பிள்ளை இருக்கிறது. ஆனால் ஈயம் இந்தச் சத்தத்தில் தெரியுமா? பாரதி எழுந்து உட்கார்ந்தாள்.

"மேடம், நான் வந்து..." என்றாள். நேற்றைய தித்திப்பு மறுபடி தொண்டைக்கு ஏறியது.

கதவோரம் நிழல் தட்டியது. ஆம்பளைங்க உள்ளே வரக் கூடாது என்று யாரோ அதட்டுவதையும் கேட்காமல் அன்புச்செல்வன் உள்ளே வந்தான். வேலை உடுப்பை மாற்றவில்லை. சட்டைப்பையிலிருந்து பேப்பர் பொட்டலம் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்துப் பிரித்தான். பாதி கடித்த விளக்குத் துண்டு.

"நான்தாங்க குடுத்தேன். அது கேட்டது மண்ணு. நான்தான் இத கொண்டாந்து குடுத்துட்டேன்."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று பாரதிக்குப் பட்டது. எவ்வளவு, எத்தனை நாள், கிளேஸில் முக்கியதா முக்காததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். "வெறும் மண்ணே தப்புதான். நீங்க சாப்பிடற கீர, மாத்திர எல்லாத்துலயும் இருக்கிற இரும்ப அது புடிச்சிக்கிட்டு வெளிய போயிடும். அதான் ரத்தம் ஏறல. ஈயம் வேற விஷயம். அத ரத்தத்துல பாக்கணும், இங்க முடியாது. கடலூருக்கு எழுதித் தரேன், இன்னைக்கே போங்க."

"கொழந்தைக்கு?" என்றாள் பாரதி.

டாக்டர் பேனாவை மூடினாள். "கொழந்தைக்கும் போவும்மா. எவ்வளவுன்னு ரிசல்ட் வந்தாதான் சொல்ல முடியும். பாலு, முட்ட, கொய்யா, நெல்லிக்கா நெறைய சாப்பிடு. சாப்பாட்ட விட்டுடாத, வெறும் வயித்துலதான் ஈயம் அதிகமா ஏறும். இனி ஒரு துணுக்கு வாயில வைக்கக் கூடாது. இவரு குளிச்சி துணி மாத்திட்டுத்தான் வூட்டுக்குள்ள வரணும்."

வெளியே வந்ததும் வீரம்மாள் மகனைத்தான் பார்த்தாள். அழுவாள், மாரில் அடித்துக்கொள்வாள் என்று பாரதி எதிர்பார்த்தாள்.

"நான் பப்பாளி மரத்த வெட்டுனேன்டா" என்றாள். அவ்வளவுதான்.

பஸ் ஸ்டாண்டுக்கு ஷேர் ஆட்டோவில் ஏறினார்கள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. பீங்கான் கம்பெனிகள் இருக்கிற ரோட்டில் திரும்பியபோது, மதிலோரம் மலையாகக் கொட்டிக் கிடந்த களிமண்மீது தார்ப்பாய் காற்றில் விலகிப் படபடத்தது. அந்த வாசம் வந்தது.

பாரதியின் வாயில் எச்சில் ஊறிவிட்டது. நாக்குக்கு அடியிலிருந்து சுரந்து சுரந்து கடைவாய் நிறைந்தது. இவ்வளவு கேட்ட பிறகுமா? அவளுக்குத் தன் வாயைக் கண்டே பயமாக இருந்தது. முந்தானையைச் சுருட்டி மூக்கையும் வாயையும் சேர்த்து அழுத்திக்கொண்டாள். மாமியார் ஆஸ்பத்திரி வாசலில் வாங்கியிருந்த நெல்லிக்காயில் ஒன்றை அவள் மடியில் வைத்தாள்.

எதிரே உட்கார்ந்திருந்த அன்புச்செல்வனுக்கும் அந்த வாசம் தெரிந்திருக்க வேண்டும். அவளைப் பார்த்தான். உடனே ஆட்டோவின் பக்கத்துத் திரையை இழுத்து, அது காற்றில் பறக்காமல் கையை வெளியே நீட்டி அழுத்திப் பிடித்துக்கொண்டான். மழை அவன் கையில் அடித்தது. மயிர்க்கால்களில் படிந்து காய்ந்திருந்த கிளேஸ் நனைந்து, முழங்கை வழியாகப் பால்போல வழிந்து, ஆட்டோவின் தரையில் சொட்டத் தொடங்கியது. அவன் அதைப் பார்க்கவில்லை. திரையை விடாமல் பிடித்திருந்தான். வெள்ளை நீர் தகரத்தின் பள்ளத்தில் சேர்ந்து, வண்டி குலுங்கும்போதெல்லாம் அவள் பாதத்தை நோக்கி நகர்ந்தது. பாரதி காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். வலது விலாவில் பிள்ளை ஒரு முறை உதைத்தது.