படுக்காத ஸ்கேல்

“ஏறுதா, இல்லையா? அது ஒண்ணை மட்டும் சொல்லு, வாத்தியாரம்மா” என்று அப்பா அவளைக் கேட்டு ஒன்றரை வருடம் இருக்கும். இன்று அவருடைய இடது முன்கையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது அந்தக் குரல் அப்படியே திரும்பி வந்தது. துடைப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. இருந்தாலும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மூன்றாவது தடவையாகத் துடைத்தாள். அந்த இடத்தில்தான் அவர் எண்களை எழுதிக்கொண்டு வருவார்.

விடிகாலையில் ஆஸ்பத்திரியிலிருந்து உடலைக் கொண்டுவந்து முன்னறைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். இரண்டு சிறுநீரகமும் நின்றுபோய்விட்டதாக டாக்டர் சொல்லியிருந்தார். வயது நாற்பத்தொன்பது. பதினோரு மணிக்கு வண்டி வந்துவிடும் என்று வாசலில் அண்ணன் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து, யார் வந்தாலும் ஒரே மாதிரி தலையை ஆட்டினாள்.

அப்பா வேலை பார்த்தது பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் கம்பெனியில். உருக்குக் கொட்டகையில் இருபத்தைந்து பேர். ஆறு மாதத்துக்கு ஒரு முறை எல்லோருக்கும் ரத்தம் எடுத்து, அதில் எவ்வளவு ஈயம் ஏறியிருக்கிறது என்று பார்ப்பார்கள். யாருக்கு எவ்வளவு என்று சொல்லமாட்டார்கள். தனித்தனியாகச் சொன்னால் ஆட்கள் பயந்துவிடுவார்களாம். கேன்டீன் பக்கத்துப் பலகையில் ஒரே ஒரு வரி ஒட்டுவார்கள்: இருபத்தைந்து பேர், சராசரி முப்பத்தொன்று, அதன் பக்கத்தில் மேலே கூட்டல் கீழே கழித்தல் குறி போட்டு ஒரு பத்து. கடைசியில் ‘வரம்புக்குள்’ என்று இருக்கும். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் அப்பா கை கழுவிவிட்டு அந்த வரியை முன்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வருவார். வியர்வையில் பாதி அழிந்திருக்கும். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வாள்.

அவளிடம் அப்படி ஏழு நோட்டுகள் இருந்தன. தையல் மிஷினின் அடிப்பெட்டிக்குள், பாபின்களுக்குக் கீழே. பத்தாம் வகுப்பில் கணக்கு டீச்சர் எழுப்பிவிட்டு விடை கேட்டார். விடை தெரியும். வாய் வரவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து, வகுப்பே சிரித்து, மறுநாளிலிருந்து அவள் போகவில்லை. வாயில் வராததெல்லாம் நோட்டில் வந்தது. முன்பக்கத்திலிருந்து மனசு, பின்பக்கத்திலிருந்து கணக்கு. அண்ணன் அவளுக்கு வாயில்லாப்பூச்சி என்று பேர் வைத்திருந்தான். நோட்டு இருப்பது அவனுக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. அப்பாவுக்கு மட்டும், அதுவும் பின்பக்கம் மட்டும், தெரியும்.

ஒன்றரை வருடத்துக்கு முன், ஐந்தாவது நோட்டீஸ் ஒட்டிய நாளில்தான் அந்தக் கேள்வி. பேக்கிங் பிரிவில் ஓர் இடம் காலியாகியிருந்தது. சம்பளம் குறைவு, ஆனால் புகை கிடையாது. “ஏறுதுன்னா பேக்கிங்குக்கு எழுதிக் கொடுத்துடறேன். இல்லன்னா இங்கயே ஓட்டிடலாம்” என்றார் அப்பா. அவள் ஏழாவது நோட்டின் பின்பக்கத்தில், கட்டம்போட்ட தாளில் ஐந்து புள்ளி வைத்தாள். அண்ணனின் பழைய செய்முறைப் புத்தகத்தில் படித்திருந்தபடி ஒவ்வொரு புள்ளிக்கும் மேலே கீழே ஒரு குச்சி வரைந்தாள். எண் எவ்வளவு தூரம் ஆடலாமோ அதுதான் குச்சி. எல்லாக் குச்சிகளையும் தொட்டபடி ஸ்கேலைப் படுக்கையாக வைக்க முடிந்தால் ஏறுகிறது என்று சொல்ல முடியாது. நோட்டீஸில் பத்து என்றிருந்ததால் மேலே பத்து, கீழே பத்து என்று குச்சிகள் நெடுநெடுவென்று நின்றன. ஸ்கேல் சுகமாகப் படுத்துக்கொண்டது. அவள் தலையை இடம் வலமாக ஆட்டினாள். அப்பா அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஷிப்டுக்குப் போனார். தாளின் அடியில் ‘ஏறவில்லை’ என்று எழுதித் தேதி போட்டாள்.

அதற்கப்புறம் மூன்று நோட்டீஸ். கடைசியாக ஒட்டியபோது அப்பாவின் மணிக்கட்டு தொங்கிப்போயிருந்தது, பேனா பிடிக்க முடியவில்லை. கடைக்கு அனுப்பிய பிள்ளை சாமான் பேரை மறக்காமல் முணுமுணுத்துக்கொண்டே போவதுபோல, “நாப்பத்திரண்டு, பத்து, நாப்பத்திரண்டு, பத்து” என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்து வாசலிலேயே ஒப்பித்தார். அன்றைக்கும் ஸ்கேல் படுத்தது.

ஒன்பது மணிக்குக் கம்பெனியிலிருந்து சூப்பர்வைசர் வந்தார். கையில் ஓர் அட்டைப்பெட்டி. கட்டிலருகே கொஞ்ச நேரம் தலைகுனிந்து நின்றுவிட்டு அண்ணனைத் தோளில் கைபோட்டு அழைத்தார். “அப்பா இடத்துல வேற யாரையும் போடல. நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வந்துடு” என்றார். பெட்டிக்குள் புது பூட்ஸும் வேலைக்குச் சேரக் கையெழுத்துப் போடவேண்டிய ஒரு படிவமும் இருந்தன. அண்ணன் வாடகை வேன் ஓட்டி, அதுவும் நின்றுபோய் எட்டு மாதம் ஆகியிருந்தது. இந்தக் காலத்தில் யார் இப்படிச் செய்வார்கள் என்று அத்தை பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். அம்மாவின் முகத்தில், அழுது வீங்கியிருந்த அந்த முகத்திலும், ஏதோ ஒன்று தளர்ந்ததை அவள் பார்த்தாள். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தார்கள்.

சூப்பர்வைசரோடு வந்தவர்களில் கம்பெனி கிளினிக்கில் ரத்தம் எடுக்கும் அக்காவும் இருந்தாள். நோட்டீஸ் தட்டச்சு செய்வதும் அவள்தான். அம்மாவின் அருகே குந்தி உட்கார்ந்து, ஏதாவது சொல்லவேண்டுமே என்பதுபோல் மெல்லிய குரலில் பேசினாள். ஒவ்வொருத்தர் உடம்பு ஒவ்வொரு மாதிரி, ஒரே கொட்டகையில் ஒருத்தருக்கு இருபது இருக்கும், ஒருத்தருக்கு அறுபது இருக்கும், அதனால்தானே பக்கத்தில் பத்து என்று போடுகிறோம் என்றாள். அம்மா தலையை ஆட்டினாள்.

கால்மாட்டில் அப்பாவின் பாதத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அவள் கையில் துணி நின்றுபோனது.

அக்கா டம்ளரைக் கழுவச் சமையலறைக்குப் போனபோது அவளும் பின்னால் போனாள். பத்தாம் வகுப்பில் வராத அதே வாய்தான். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குள் பேசுவது கொஞ்சம் எளிதாக இருந்தது.

“அக்கா, அந்தப் பத்து... அது சராசரி எவ்வளவு ஆடும்கறது இல்லையா?”

அக்கா திரும்பினாள். இந்தப் பெண் பேசுவாள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. “இல்லம்மா. அது ஆளுக்கு ஆள் இருக்கற வித்தியாசம். இருபத்தஞ்சு பேரோட சராசரி எப்படிப் பத்து ஆடும்? ஒருத்தருக்கு ஏறினா இன்னொருத்தருக்கு இறங்கும், ஒண்ணுக்கொண்ணு சரியாப்போயிடும். ரெண்டு ஆடினாலே பெரிசு.”

“ரெண்டுன்னு எப்படி?”

“இருபத்தஞ்சுக்கு வர்க்கமூலம் அஞ்சு. பத்தை அஞ்சால வகுத்தா ரெண்டு. டிரெயினிங்ல சொல்லிக்கொடுத்தது.” குழாயை மூடினாள். “ஏன் கேக்கறே?”

அப்பாவுக்கு எவ்வளவு இருந்தது என்று மட்டும் அவள் கேட்டாள். அக்கா ஈரக்கையைப் புடவையில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். ஆளோட நம்பரைச் சொல்லக் கூடாதும்மா என்றாள் கடைசியில், அவள் முகத்தைப் பார்க்காமல்.

வீட்டில் தாழ்ப்பாள் உள்ள இடம் பாத்ரூம் மட்டுமே. ஏழாவது நோட்டையும் ஸ்கேலையும் பேனாவையும் தாவணிக்குள் மறைத்துக்கொண்டு போய், கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தாள். எட்டுப் புள்ளிகள். முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, முப்பத்துநான்கு, முப்பத்தாறு, முப்பத்தேழு, முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்திரண்டு. இந்தமுறை மேலே இரண்டு, கீழே இரண்டு. குட்டைக் குச்சிகள். ஸ்கேலைக் கீழே வைத்தால் பின்னால் உள்ளவை மேலே மிதந்தன. மேலே வைத்தால் முன்னால் உள்ளவை கீழே கிடந்தன.

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். உள்ள யாரு, ஊரே வரிசையில நிக்குது என்று அத்தையின் குரல். பெத்த அப்பன் போயிருக்கான், பொண்ணு உள்ள அழுதுட்டிருக்கும், விடுங்க என்றது இன்னொரு குரல். அவள் அழவில்லை. கடைசி மூன்று புள்ளிகளை உள்ளங்கையால் மூடினாள். அப்பா கேட்ட அன்றைக்கு இருந்த ஐந்து மட்டும் தெரிந்தன. முதல் குச்சியின் தலை முப்பத்துமூன்றில் முடிந்தது. ஐந்தாவது குச்சியின் கால் முப்பத்தைந்தில் தொடங்கியது. ஸ்கேலை வைத்துப் பார்த்தாள். எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள். ஸ்கேலில் ஏதாவது கோணல் இருக்குமோ என்று கண்ணுக்கு நேரே பிடித்தும் பார்த்தாள்.

அன்றைக்கே படுக்கவில்லை.

வண்டி வந்தது. தூக்கியபோது அப்பாவின் வலது கை நழுவித் தொங்கியது, யாரோ எடுத்து மார்பில் வைத்தார்கள். அவள் வாளிமேல் உட்கார்ந்திருந்ததுபோலவே வண்டியிலும் உட்கார்ந்திருந்தாள். நோட்டு இடுப்பில் செருகியபடி இருந்தது, உள்ளே அதன் கம்பி குத்தியது. இதை அண்ணனிடம் காட்டவேண்டும் என்று தெரிந்தது. காட்டினால் பழைய பக்கத்தையும் காட்டவேண்டும் என்பதும் தெரிந்தது. பழைய பக்கத்தைக் கிழித்துவிடலாம். வழியெல்லாம் அதைத்தான் யோசித்தாள். கிழித்தால் அண்ணன் ஏன் நம்பவேண்டும்? நேற்றுவரை நீ எங்கே போயிருந்தாய் என்பான். புதுக்கணக்கை நிரூபிக்கப் பழைய தப்பு வேண்டியிருந்தது.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது மணி நாலு. உறவினர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். வாசலில் வாடகை நாற்காலிகளை அடுக்கிவைத்திருந்தார்கள். வெறும் கட்டிலின் ஓரத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அண்ணன் தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து வலதுகால் பூட்ஸைப் போட்டுப் பார்த்தான். ஒரு சுற்றுப் பெரிசாக இருந்தது. காகிதம் சுருட்டி வைத்துக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கயிற்றை இறுக்கிக் கட்டினான்.

“அண்ணா, போகாதே.”

இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் நோட்டை அவனுக்கு முன்னால் தரையில் விரித்தாள். விரித்த வேகத்தில் முன்பக்கங்கள் கொஞ்சம் புரண்டன, அவசரமாகத் திருப்பிப் பின்பக்கத்துக்கு வந்தாள். சொல்லத் தொடங்கினாள். நடுநடுவே வார்த்தை அறுந்தது, அறுந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். பலகையில் ஒட்டும் வரி, அப்பாவின் முன்கை, குச்சி, பத்து, இரண்டு. வாழ்நாளில் அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை.

அண்ணன் பக்கத்தைப் புரட்டினான். பழைய படம் வந்தது. அடியில் அவளுடைய உருண்டை எழுத்து.

“இதுல ஏறவில்லைன்னு எழுதியிருக்கே.”

“தப்பாப் போட்டுட்டேன்.”

“அப்போ சரின்னே, இப்போ தப்புங்கறே. இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சு என்ன சொல்லுவே? உன் நோட்டை நம்பி வீட்ல உக்காரணுமா நான்?” குரலை உயர்த்தாமல்தான் கேட்டான். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

அம்மா கட்டிலிலிருந்து இறங்கித் தரைக்கு வந்திருந்தாள். “அப்பாகிட்ட நீ என்ன சொன்னே?”

அவளுக்கு மறுபடியும் வாய் அடைத்தது. இந்தமுறை அடைத்ததைத் தள்ளிக்கொண்டு பேசினாள்.

“ஏறலன்னு சொன்னேம்மா. பேக்கிங்குக்குப் போகவான்னு கேட்டாரு. ஏறலன்னு சொன்னேன்.”

அம்மா அவளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் அந்தப் பார்வையிலிருந்து முகத்தைத் திருப்பி, ஸ்கேலை எடுத்து அண்ணனின் கையில் திணித்தாள். “என்னை நம்ப வேணாம். நீயே வை. எட்டுக் குச்சியையும் தொட்டுக்கிட்டு எங்கயாவது படுக்க வெச்சுக் காட்டு. படுத்துச்சுன்னா போ.”

அவன் அலட்சியமாகத்தான் வைத்தான். நகர்த்தினான். கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே. பூட்ஸ் போட்ட காலை மடக்கி நன்றாகக் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வைத்தான். எட்டையும் தொடவேண்டுமென்றால் ஸ்கேலின் வலதுபக்க முனை தூக்கிக்கொண்டது. அவன் அழுத்தினால் முதல் குச்சிகள் விட்டுப்போயின. பத்து முறையாவது வைத்திருப்பான். அம்மாவுக்கு எண்கள் அவ்வளவாகத் தெரியாது, கணக்கும் தெரியாது. ஆனால் ஏணியைச் சுவரில் சாய்த்ததுபோல் அந்த ஸ்கேல் ஒரே பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நின்றதை அவள் இமைக்காமல் பார்த்தாள்.

கடைசியில் அவன் கையை எடுத்துவிட்டான். ஸ்கேல் தாளின் மேல் சாய்வாகக் கிடந்தது.

அம்மா அவன் காலடியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது, நகம் மடங்கியது, விடாமல் அவிழ்த்தாள். அவன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் காலை நீட்டிக்கொண்டிருப்பானே, அப்படியே நீட்டிக்கொண்டிருந்தான். பூட்ஸைக் கழற்றி ஜோடியோடு பெட்டியில் வைத்தாள். கையெழுத்துப் போடாத படிவத்தை அதன்மேல் வைத்து மூடினாள். எழுந்து பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

அவள் தரையிலிருந்து நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். திட்டினாலும் போதும் என்றிருந்தது. அம்மா நோட்டைத் தாண்டும்போது அதை மிதித்துவிடாமல் காலை எடுத்துவைத்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, அடுக்கிய நாற்காலிகளைச் சுற்றி, கம்பெனி இருக்கும் பக்கமாக நடந்தாள். சரியாக மூடாத பெட்டியிலிருந்து படிவத்தின் ஒரு மூலை வெளியே நீட்டிக்கொண்டு, தெருமுனை திரும்பும்வரை அவளுடைய இடுப்பில் அடித்துக்கொண்டே போனது.