விண்கலத்துக்கும் பாஸ் வேண்டும்

1985இல் முல்லைத்தீவில் இராணுவத்தின் பாஸ் இல்லாமல் கடலில் இறங்க முடியாது. பாஸ் கிடைக்காமல் மீன்பிடித் தொழில் இழந்த கொன்ஸ்ரன்ரைன், ஒரு பழைய ஆங்கிலக் கடல் நாவலை விண்வெளிச் சித்திரக்கதையாக மாற்றினான். கப்பல் விண்கலமாயிற்று, புயல் எரிகற்களாயிற்று. நாற்பது பக்கங்களையும் மாமனார் சூசைப்பிள்ளையிடம் கொடுத்தான். முப்பது வருடம் கடலோடிய அவர் ஒரு படம் விடாமல் பார்த்தார்.

"ஞாயிற்றுக்கிழமை வெளிக்கிட்டிருக்கினம். பூசைக்கு ஆர் போறது?"

புறப்பாட்டைத் திங்களுக்கு மாற்றினான்.

"எரிகல்லு, மூண்டு சந்திரன், எல்லாம் நம்பலாம். ஆனா மருமகன், பாஸ் காட்டாமல் இவையை ஆர் விட்டது?"

கேள்வி நியாயமாகப் பட்டது. முதல் பக்கத்தில், விண்கலத்துக்கு முன்னால், ஒரு காவலரணையும் துவக்கோடு ஒரு சிப்பாயையும் வரைந்தான்.

மீதி முப்பத்தொன்பது பக்கங்களும் தேவைப்படவில்லை.