சதுர அடைப்புக்குறி

லிஸ்ப் என்ற கணினி மொழியில் 3/4 என்று எழுதினால் கணினி அதை முக்கால் என்று வாசிக்கும். ரத்த வங்கிக்கு முக்காலை வைத்துக்கொண்டு என்ன பயன்? அதற்கு வேண்டியது மார்ச் நான்காம் தேதி. அதனால் லோர்னா தாஷ்ஜியன் ஒரு மேக்ரோ, அதாவது மொழிக்கே புது விதி சேர்க்கும் சின்ன நிரல், எழுதினாள். சதுர அடைப்புக்குறிக்குள் [3/4/87] என்று எதைப் போட்டாலும் மொழியே அதைத் தேதியாக எடுத்துக்கொள்ளும். பாஸ்டன் பக்கத்து மருத்துவமனைகளிலிருந்து வரும் இருப்புப் பட்டியல்கள் எல்லாம் அந்தக் குறியில்தான் வந்தன. பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜில் அவள் வேலை பார்த்த சின்ன நிறுவனத்தில் அவளுக்குப் பெயர் வாங்கித் தந்ததும் அதுதான்.

நிறுவனம் லண்டன் நிறுவனம் ஒன்றோடு சேர்ந்தபோது வினை வந்தது. அவர்களும் அதே அடைப்புக்குறியைத் தேதிக்கு எடுத்திருந்தார்கள். ஆனால் அங்கே நாள் முன்னால், மாதம் பின்னால். இரண்டு மேக்ரோக்களும் ஒரே கணினியில் ஏறினால், கடைசியாக ஏறியது முந்தையதை அழித்துவிடும். பிழை என்று ஒரு வார்த்தைகூட வராது.

மதியம் சூப் குடித்துக்கொண்டிருக்கும்போதே இதைத் தலைவர் ஹார்லனிடம் சொன்னாள். பக்கத்தில் வின்ஸ் கார்டோசா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். கல்லூரியிலிருந்தே அவளோடு படித்து, அவளோடே வேலைக்குச் சேர்ந்தவன்.

"ஒரு வாரம் குடுங்க ஹார்லன், ரெண்டையும் பிரிச்சு வெச்சிடறேன்."

"முதல்ல லண்டன்காரங்களுக்கு ஓட்டிக் காட்டி முடிப்போம். அதுக்கப்புறம் நீ எதை வேணா பிரி."

"இவளுக்கு அடைப்புக்குறின்னா பெத்த புள்ள மாதிரி. யாரும் தொடக்கூடாது!" என்று வின்ஸ் சிரித்தான். அவளும் சிரித்துத் தொலைத்தாள்.

பிப்ரவரிக் கடைசியில் லண்டன் மேக்ரோ பின்னால் ஏறியது. [3/2/87] என்று குறித்த, மார்ச் இரண்டு வரை தாங்கக்கூடிய ரத்தத்தைக் கணினி பிப்ரவரி மூன்றோடு கெட்டது என்று அச்சடித்தது. ஒரு மருத்துவமனையில், பைமேல் ஒட்டிய தேதிச் சீட்டை யாரும் பார்க்கவில்லை. பட்டியலை நம்பி, யாருக்கும் ஏற்றக்கூடிய ஓ நெகடிவ் ரத்தம் இருந்தது முழுவதையும் கொட்டிவிட்டார்கள். அன்று மாலையே பிரசவத்தில் ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு. பனி கொட்டும் சாலையில் வேறு ஊரிலிருந்து ரத்தம் வந்து சேர்வதற்குள் அவள் போய்விட்டாள். குழந்தை பிழைத்தது.

விசாரணைக் கூட்டத்தில் ஹார்லன் அவளைத்தான் பார்த்தார். "உன்னோட அடைப்புக்குறிதானே?"

"முன்னாடியே சொன்னேனே. சாப்பிடறப்ப. வின்ஸும் இருந்தான்."

எல்லோரும் வின்ஸைப் பார்த்தார்கள். அவன் காப்பிக் கோப்பைக்குள் பார்த்தான்.

"ஏதோ சொன்னா... இவதான் எப்பவும் ஏதாவது சொல்லிட்டே இருப்பாளே. எனக்குச் சரியா ஞாபகம் இல்ல."

அவனுக்கு ஞாபகம் இருந்தது. சொல்லும்போதே கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. அந்த வாரமே லோர்னாவை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அவள் குழு வின்ஸ் கைக்குப் போனது.

அவள் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தபோது வின்ஸ் வந்து நின்றான்.

"லோர்னா, எனக்கு வீட்டுக் கடன் இருக்கு. உனக்குத் தெரியும்."

"அதுக்கா வந்தே?"

"இல்ல." தயங்கினான். "அந்த ரெண்டு மேக்ரோவையும் எப்படிப் பிரிக்கிறது? பட்டியல் இன்னும் அப்படியேதான் ஓடுது."

முகத்தில் அறைய வேண்டும் போலிருந்தது அவளுக்கு. கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள்.

"எந்தக் குறியை எப்படிப் படிக்கணும்னு கணினிக்குச் சொல்ற வாசிப்பு அட்டவணையை நகல் எடு. அந்த நகல்ல மட்டும் அடைப்புக்குறியை மாத்து. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக் கோப்புக்கும் அதோட நகல். படிச்சு முடிச்சதும் பழசைத் திரும்ப வை. இன்னிக்கே செய்."

"நீ ரொம்ப நல்லவ, லோர்னா."

"வாயை மூடு. உனக்காகவா சொன்னேன்? நாளைக்கு இன்னொருத்தி பிரசவத்துக்குப் போவா."

பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினாள். வெளியே பனி உருகிச் சேறாகிக் கிடந்தது. பேருந்து நிறுத்தம் வரை நடந்ததில் காலணி முழுக்க நனைந்துவிட்டது.