ஜெயராணி ஷெட்டுக்குப் போகிறது

மனித குலம் இதுவரை பேய் என்று பயந்ததெல்லாம், யாரும் மீட்டர் வைத்துப் பார்க்காத பாரம்தான். இது இளவரசு கண்டுபிடித்த உண்மை. சிதம்பரத்தில் மெக்கானிக்கல் கடைசி வருடம் என்னோடு படிக்கிறான். அரியர் நிறைய இருந்தாலும் உண்மைகளைக் கண்டுபிடிப்பதில் அவனுக்குச் சிரமம் இருந்ததில்லை.

அன்று காலை கடலூர் முதுநகரில் இதை அவன் அருள்முருகன் அண்ணனிடம் விளக்கிக்கொண்டிருந்தான். அண்ணன் ரெக்கவரி வண்டி வைத்திருக்கிறார். ஓடாத பஸ், லாரிகளை முன்பக்கம் தூக்கிக் கட்டி இழுத்துப் போவது தொழில். அவர் வண்டியில் இளவரசு தன் பிராஜெக்டுக்காக இரண்டு மீட்டர் மாட்டியிருந்தான். ஒன்று, டர்போ எஞ்சினுக்குள் எவ்வளவு காற்றைத் திணிக்கிறது என்று காட்டும் பூஸ்ட் மீட்டர். இன்னொன்று, வெளியே வரும் புகையின் சூட்டைக் காட்டுவது. பாரம் ஏற ஏறக் காற்றும் ஏறும், டீசலும் ஏறும், புகை கொதிக்கும். எழுநூறு டிகிரியைத் தாண்டி அப்படியே நின்றால் டர்போ காலி.

அண்ணனுக்கு ஏற்கெனவே ஒரு டர்போ அப்படித்தான் போனது. "இதுவும் போச்சுன்னா இந்த வண்டியையே நான் காயலாங்கடைக்கு ஓட்டிட்டுப் போவ வேண்டியதுதான் தம்பி" என்று சொல்லித்தான் மீட்டர் மாட்டவே சம்மதித்தார்.

இழுக்க வேண்டியது ஜெயராணியை. பல வருடம் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் ஓடிய பிரைவேட் பஸ். எஞ்சின், கியர்பாக்ஸ், சீட்டு எல்லாவற்றையும் கழற்றியாகிவிட்டது. வெறும் கூடு. சிதம்பரம் பைபாஸ் பக்கம் ஒரு காயலான் கடையில் அதை உடைக்கப்போகிறார்கள்.

பஸ் இழுக்கும்போது அண்ணனுக்கு ஒரு வழக்கம் உண்டு. 'வண்டி ஷெட்டுக்குப் போகிறது, யாரும் ஏற வேண்டாம்' என்று எழுதிய பலகையை பஸ்ஸின் நெற்றியில் கட்டுவார். பிறகு பின்படியில் நின்று, உள்ளே பார்த்து அதையே வாயாலும் சொல்வார். உள்ளே யாரும் இருக்கமாட்டார்கள்.

"யாருண்ணே ஏறுவா? டிரைவர் இல்ல, எஞ்சின் இல்ல."

"பஸ்ஸுன்னா ஏறுவாங்க தம்பி."

"சீட்டே இல்லாத பஸ்லயா?"

"நீ எந்த ஊர்ல பஸ் ஏறியிருக்க?"

இளவரசு சிரித்தான். அன்றைக்குப் பலகையும் கிடையாது. மீட்டர் வைக்க வேறு எதுவும் அகப்படாமல், அந்தப் பலகையின் பின்பக்கத்தில்தான் இரண்டையும் திருகி கேபினில் மாட்டியிருந்தான். எழுத்து டாஷ்போர்டைப் பார்த்தபடி இருந்தது. சரி, வாயாலாவது சொல்லிவிடலாம் என்று அண்ணன் பின்படிக்குக் கிளம்பியபோது, "நீங்க கத்துனா ரீடிங் கெட்டுடும்" என்றான். எப்படிக் கெடும் என்று அவர் கேட்கவில்லை. படிக்கிற பையன் சொல்கிறான்.

கிளம்பினோம். மார்கழிப் பனி. மேடு பள்ளமில்லாத ரோடு. சூட்டு முள் நானூறில் சாதுவாக நின்றது.

"பாத்தீங்களா, மூச்சுகூட வாங்கல" என்றான்.

காரைக்காடு ஸ்டாப்பிங்கைத் தாண்டியதும் பூஸ்ட் முள் ஒரு கோடு ஏறியது. ஏறினது இறங்கவில்லை. ஆலப்பாக்கத்தில் வேகத்தடைக்காக அண்ணன் மெதுவாகப் போனார். பனிக்குள் ஸ்டாப்பிங் காலியாகக் கிடந்தது. தாண்டியதும் இன்னொரு கோடு.

"எதிர்காத்து" என்றான் இளவரசு. சாலையோரத்தில் ஒரு கட்சிக்கொடி அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதை நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம்.

புதுச்சத்திரம் தாண்டியபோது முள் ஒரேயடியாக எகிறியது. சூடு அறுநூறு.

"புதுச்சத்திரத்துல எப்பவுமே கூட்டம் ஜாஸ்தி" என்றார் அண்ணன், யாரிடமும் சொல்லாததுபோல்.

பி.முட்லூர் தாண்டும்போது அறுநூற்றைம்பதைத் தொட்டது. முன்னால் வெள்ளாற்றுப் பாலத்து மேடு. இந்தச் சூட்டோடு அதில் ஏறினால் டர்போ மிஞ்சாது என்று மூன்று பேருக்கும் தெரியும். அண்ணன் ஓரங்கட்டினார். எஞ்சினை அணைக்கவில்லை. கொதிக்கிற டர்போவைச் சட்டென்று நிறுத்தினாலும் போய்விடும்.

"பின் பிரேக் புடிச்சிருக்கும்ணே, வேற ஒண்ணும் இல்ல" என்று இளவரசு இறங்கினான். நானும் போனேன்.

பிரேக் டிரம்மைத் தொட்டான். ஜில்லென்று இருந்தது. டயரைத் தட்டினான். காற்று சரியாக இருந்தது. பிறகு குனிந்தவன் நிமிரவில்லை. பின்பக்கத்தில் பாரம் தாங்கும் கமான் பட்டைகள் தட்டையாக அமுங்கிக் கிடந்தன. வெறும் கூட்டுக்கு அவை வில்லாக வளைந்து நிற்க வேண்டும். ஜெயராணி படிப்பக்கமாக ஒரு சாய்வு சாய்ந்திருந்தது. காலேஜ் நேரத்து பஸ் இப்படித்தான் சாயும். அந்தப் படியில் தொங்கிப் போன அனுபவம் எங்கள் இருவருக்கும் உண்டு.

கண்ணாடிகளைப் பார்த்தேன். வெளிப்பக்கம் பனி வழிந்துகொண்டிருந்தது. உள்பக்கம் மூச்சுபட்டதுபோல் வெளுத்திருந்தது.

"எத்தன பேருடா இருப்பாங்க?" என்றேன். விளையாட்டாகத்தான்.

"பூஸ்ட்ட வச்சுப் பாத்தா ஒரு நாப்பது" என்றான். விளையாட்டாக இல்லை.

அண்ணன் ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தார். இளவரசு கேபினில் ஏறி, ஸ்க்ரூடிரைவரை எடுத்து, மீட்டர் இரண்டையும் கழற்றி ஒயரோடு தொங்கவிட்டான். பலகையைக் கொண்டுபோய் ஜெயராணியின் நெற்றியில் கட்டினான். எழுத்து வெளியே தெரிகிறதா என்று ஒருமுறை தள்ளி நின்று சரிபார்த்தான்.

அப்புறம் பின்படிக்குப் போனான். ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தான், தெரிந்தவன் எவனாவது வருகிறானா என்று. தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"வண்டி ஷெட்டுக்குப் போவுதுங்க. எல்லாரும் எறங்கிக்கங்க."

எனக்கே சரியாகக் கேட்காத குரல். அடியில் கமான் பட்டை ஒன்று கிறீச்சிட்டது.

"பொறுமையா வாங்க. படி ஒடைஞ்சிருக்கு, பாத்து."

சொல்லிவிட்டு ஓர் அடி ஒதுங்கி வழிவிட்டான். வயதானவர்கள் பிடித்துக்கொள்ளத் தோதாக ஒரு கையை நீட்டியே வைத்திருந்தான்.