மேல்கம்பி

எளாவூர் செக்போஸ்ட் தாண்டி கம்பெனி பஸ் நின்றபோது பூமிகா அங்கே இல்லை. வழக்கமாக அவள் நிற்கும் டீக்கடைக்கு முன்னால் இரண்டு லாரி கிளீனர்கள் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார்கள். டிரைவர் வரதன் ஹாரனை அடித்தார். ஆயுத பூஜை என்பதால் பஸ் முகப்பில் வாழைக்கன்று கட்டி, கண்ணாடிக்குப் பொட்டு வைத்திருந்தார்.

"இன்னா கன்னிம்மா, அந்தப் பொண்ணக் காணோம்?"

முன் சீட்டில் இருந்த கன்னியம்மா ஜன்னல் வழியே பார்த்தாள். ஊருக்குள்ளிருந்து வரும் மண்ரோட்டின் கோடியில், நெல் வயல்களுக்கு நடுவே, மாம்பழ நிறத்தில் ஒரு தாவணி. பாவாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தது.

"அது அவங்கப்பா கூட வண்டில நேரா வருதாம். நீ எடுண்ணா."

பின்சீட்டுகளில் ஒருத்திக்கொருத்தி பூ வைத்துவிட்டுக்கொண்டும், இருக்கிற ஒரே கைக்கண்ணாடிக்கு அடித்துக்கொண்டும் இருந்தார்கள். பாட்டு அலறியது. வரதன் கியர் போட்டார். கன்னியம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அந்தத் தாவணி மண்ரோட்டில் நின்றுபோயிருக்கும் என்று பார்க்காமலே தெரிந்தது.

சிப்காட் கம்பெனியில் இந்த வேலைக்கு வருவதற்கு முன் கன்னியம்மாவின் உடம்பு பார்க்காத வேலை இல்லை. நாற்று நட்டது, செங்கல் சூளையில் கல் சுமந்தது, ரோட்டுக்குத் தார் ஊற்றியது. குனி, தூக்கு, இறக்கு. உடம்பென்றால் அதுதான் என்று இருந்தாள். கம்பெனியில் அவளுக்குப் பெயரே கிடையாது. சூப்பர்வைசர் "ஏ பேக்கிங்" என்பான், திரும்புவாள். வீட்டில் புருஷன் சின்னதுரை சோற்றுத் தட்டைத் தள்ளும் சத்தம்தான் அவளைக் கூப்பிடும் சத்தம்.

ஒரு தீபாவளிக்கு லீவு விட்ட சாயங்காலம், பஸ்ஸில் யாரோ பாட்டைப் போட, பெண்கள் நடுவழியில் எழுந்து ஆடினார்கள். அசெம்பிளி லைனில் இருக்கும் ஸ்நேகா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். விழுந்துவிடாமலிருக்க மேல்கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கன்னியம்மா சும்மா அசைந்தாள். அப்புறம் சும்மா இல்லை. இத்தனை வருஷம் மூட்டை தூக்கிய இடுப்பு அவளுக்கே தெரியாமல் ஒன்றைப் பதுக்கி வைத்திருந்தது. பஸ்ஸே விசிலடித்தது. "யக்கா, இத்தினி நாளா எங்க ஒளிச்சி வெச்சிகினு இருந்த?" என்றாள் ஸ்நேகா.

அன்றிலிருந்து முன் சீட்டு அவளுக்கு. அவள் ஏறாமல் பாட்டு கிடையாது. அம்மா செத்த அன்று ஷிப்ட் முடிந்த யூனிபார்மோடு அத்தனை பேரும் ஆரம்பாக்கத்துக்கு வந்து இறங்கினார்கள். தெருவே பார்த்தது. "யாரு இவங்க?" என்று சொந்தக்காரர்கள் கேட்டதற்கு, "என் பஸ்ஸு" என்றாள் கன்னியம்மா.

அந்த பஸ்ஸில்தான் பூமிகா வந்து ஏறினாள். டிப்ளமோ முடித்து, சரக்கைச் சரிபார்க்கும் மேஜையில் உட்காரும் வேலை. குப்புராஜ் பொண்ணு. அந்தக் குப்புராஜ் கழனியில்தான் கன்னியம்மாவும் அவள் அம்மாவும் நாற்று நட்டார்கள். வரப்பில் தள்ளி நின்றுதான் கூலி வாங்கினார்கள். பஸ்ஸில் எல்லோரும் "ஏ பூமி" என்றார்கள். கன்னியம்மாவுக்கு மட்டும் அவளை எப்படிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை. கழனிக்காரர் வீட்டுப் பெண்களைக் கூப்பிடும் 'பாப்பாம்மா' நாக்கு நுனிவரை வரும், கடித்துக்கொள்வாள்.

பூமிகாவும் ஆடினாள். ஆடினாள் என்றால், கம்பியே பிடிக்காமல் ஆடினாள். வரதன் எந்த மேட்டில் ஏற்றினாலும் கால் பிசகாது. ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் ஆடுவதென்று முடிவானபோது, ஒத்திகைக்கு பஸ்ஸை விட்டால் வேறு இடமோ நேரமோ யாருக்கும் இல்லை. நடுவழியில் வரிசையாக நின்று ஆடிப் பழகினார்கள். யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் முன்னால் போய் நின்றவள் பூமிகா. கன்னியம்மா அவள் முதுகைப் பார்த்து ஆடினாள். அந்த முதுகின் நீளப் பின்னல் வயிற்றெரிச்சலாக இருந்தது. அவள் சிரிக்கும்போது எல்லோரும் சிரிப்பது அதைவிட.

நேற்றுகூட அவள் திரும்பி நின்று சொன்னாள்: "அக்கா, கம்பிய வுட்டுட்டு ஆடுங்க. அங்க கம்பி இருக்காது."

நல்லபடியாகத்தான் சொன்னாள். அதுதான் பொறுக்கவில்லை. இறங்கும்போது கன்னியம்மா ஸ்நேகாவிடம் முணுமுணுத்தாள். "நெலம்தான் அவங்களுது. பஸ்ஸுமா?"

"இன்னாக்கா நீ, சின்னப் பொண்ணாண்ட போயி" என்றாள் ஸ்நேகா.

கம்பெனி கேட்டில் போன்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். எண்ணெய் வாடையோடு சாம்பிராணி. லோடிங் மேடையைக் கழுவிவிட்டுக் கோலம் போட்டிருந்தார்கள். அங்கேதான் ஆட்டம்.

"பூமி இன்னும் வரலியே?" ஸ்நேகா நகத்தைக் கடித்தாள். "நம்ம டீமைக் கூப்புட்டுட்டாங்கக்கா. இன்னா பேஜாருடா இது."

"வருவா."

"எப்ப வர்றது? நீ முன்ன நில்லுக்கா. நீதான் நின்னாவணும்."

இந்த வார்த்தைக்காகத்தான் எல்லாம். கன்னியம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மேடையின் நடுவில், முன்னால், போய் நின்றாள். கீழே மெஷின் ஷாப் முழுக்க முகங்கள். மேனேஜர் குடும்பங்கள் நாற்காலியில். வழக்கமாக அவளை ஏறெடுத்தும் பார்க்காத சூப்பர்வைசர் போட்டோகிராபரைக் கூப்பிட்டு அவளைக் காட்டினான். எதிரே முதுகில்லை. பின்னல் இல்லை. இனி அவளே முன்.

பாட்டு வந்தது. கால் நன்றாகத்தான் போனது. முதல் சுற்று, இரண்டாவது சுற்று. விசில். அப்புறம் பாட்டு ஏறி ஒரு குதி குதிக்கும் இடம். எப்போதும் பஸ் அங்கே ஒரு ஆட்டம் ஆடும், அல்லது ஆடுமென்று உடம்பு நம்பியிருந்தது. கன்னியம்மாவின் இடது கை தன்பாட்டுக்கு மேலே போய்க் கம்பியைத் தேடியது. கம்பி இல்லை. வெறும் காற்றை இறுக்கிப் பிடித்தபடி அவள் ஒரு கணம் தொங்குகிறவள் மாதிரி நின்றாள்.

அவமானத்தில் காது சுட்டது. கையை இறக்கத் தெரியவில்லை. எங்கிருந்தோ ஒரு சிரிப்பு. திரும்பிப் பார்த்தாள்: பின்னால் அத்தனை பேரும், ஸ்நேகா உட்பட, இடது கையைத் தூக்கி இல்லாத கம்பியைப் பிடித்துக்கொண்டு இடுப்பை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். முன்னால் நிற்பவள் செய்தால் அதுதான் ஆட்டம். இல்லை, அவர்கள் கைகளுக்கும் அதே பழக்கம்தானோ என்னவோ. ஷாப்பே கைதட்டியது. "பஸ்ஸு! பஸ்ஸு!" என்று மெஷின் பக்கத்திலிருந்து யாரோ கத்தினார்கள்.

அப்போதுதான் பார்த்தாள். ஷட்டர் ஓரத்தில், வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு, மாம்பழத் தாவணி. பாவாடை விளிம்பெல்லாம் செம்மண். பவுடர் வேர்வையில் கோடுகோடாக வழிந்திருந்தது. செருப்பைக் கையில் வைத்திருந்தாள். மேடைக்கு வர அவள் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. கூட்டத்தை விட்டுவிட்டு கன்னியம்மாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று இங்கிருந்து தெரியவில்லை.

பிறகு பூமிகா செருப்பைக் கீழே போட்டாள். கம்பியே பிடிக்காதவள், இடது கையை மெதுவாகத் தலைக்கு மேல் தூக்கி, விரல்களை மடக்கிப் பிடித்தாள்.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கன்னியம்மா தூக்கிய கையை இன்னும் இறக்கவில்லை.